கேமராவுக்குப் பின்னால்

பழைய பிரிட்டிஷ் துப்பறியும் தொடர் ஒன்றைப் படமாக்கிய இங்கிலாந்துக் கிராமத்துக்குப் போக, ஜெர்மனியின் கொலோன் நகரில் ரசிகர்கள் கூடியிருந்தோம். ஜெர்மானியருக்கு நடுவே கசங்காத மழைக்கோட்டில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். போன முறை அதே கிராமத்துக்குப் போனபோது எடுத்த படங்களைக் காட்டினார். மதில், குப்பைத்தொட்டி, பஸ் நிறுத்தம். தொடரில் வரும் வீடு ஒரு படத்தில்கூட இல்லை.

“வீட்டை எடுக்கலையா அண்ணா?”

“அதை அகதி முகாமில இருக்கேக்க டிவியில கனதரம், நூறு தரம் பாத்திட்டன் தம்பி. வெளிய போக ஏலாது. கமரா நிண்ட பக்கம் என்ன இருக்கெண்டு யோசிச்சுக்கொண்டே இருப்பன்.”

“அதான் பார்த்துட்டீங்களே, மறுபடி எதுக்கு?”

“அந்த பஸ் எங்க போகுதெண்டு பாக்கேல்லையே!”

மறுநாள் கிராமத்தில் மற்றவர்கள் வீட்டைப் படமெடுத்தபோது நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில் அவரும் இல்லை; தூரத்தில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது.