பேர்ன் என்றால் பிள்ளை

கைலாசபுரம் குடியிருப்பில் இருக்கும் சகாயநாதன் ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். மனைவி இறந்த பிறகு அவருக்கு எல்லாமே ஒரே மகள் அனிஷாதான். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்தில் நர்ஸ். இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தாள். அவருக்கோ சமீபத்தில்தான் இதய ஆபரேஷன் முடிந்து, லீவில் இருந்தார்.

ஞாயிறு பூசை முடிந்து போன் போட்டால், கொஞ்ச நாளாகப் பேத்திதான் எடுத்தாள். அவளுக்குத் தமிழ் வராது. “மம்மி கிரீட்டிங் ஃபார் த பேர்ன்” என்பாள். கிரீட்டிங் மட்டும் அவருக்குப் புரிந்தது.

பக்கத்து வீட்டு ஆஷ்லி அதே ஸ்காட்லாந்தில், எடின்பரோவில் படித்துவிட்டு, தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டு வாசலில் நின்று அவளிடம் அதைச் சொல்லிச் சிரித்தார். “யாருக்கோ வணக்கம் சொல்லிக்கிட்டிருக்காளாம்மா எம்மக. பேர்ன்னா என்ன?”

“உக்காருங்க அங்கிள்” என்றாள் ஆஷ்லி. “பேர்ன்னா பிள்ளை. வயித்துல சுமந்து பெத்ததுன்னு அர்த்தம் வர்ற பழைய சொல்லு.”

“அப்ப கிரீட்டிங்?”

“அங்க அதுக்கு அழறதுன்னும் அர்த்தம். பழைய இங்கிலீஷ்ல வணக்கத்துக்கு ஒண்ணு, அழுகைக்கு ஒண்ணுன்னு ரெண்டு சொல்லு இருந்துச்சாம். அழுகைச் சொல்லு இங்கிலாந்துல வழக்கொழிஞ்சிருச்சு. ஸ்காட்லாந்துல இன்னும் இருக்கு.”

அங்கிருந்தே போன் போட்டார். இந்தத் தடவை அனிஷாவே எடுத்தாள்.

“பிள்ளைக்கு என்னம்மா ஆச்சு?”

“ஆறாம் மாசத்துல மூச்சில்லாமப் பொறந்தான்ப்பா. உங்களுக்கு ஆபரேஷன் நடந்த வாரம். எப்படிப்பா சொல்றது?”

போன வாரம் தொட்டில் வாங்கிப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அதற்கு அவள் ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தாள். எந்த மனசோடு போட்டாளோ.

“பேரு வெச்சீங்களா?”

“ஆசீர்.”

“நான் கெளம்பி வரேம்மா.”

“வேணாம்ப்பா. இப்ப ஃப்ளைட் ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல” என்றவள் உடைந்துவிட்டாள். அவர் தேற்றவில்லை. “அழும்மா. நான் லைன்லயே இருக்கேன்” என்றார். ஆஷ்லி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு பூசையில் ஆசீருக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார். சாமியார் பெயரை வாசித்தபோது மரபெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும், கூட வேலை பார்க்கிற ஒருவர் கேட்டார்.

“ஆசீர் யாருங்க, சொந்தமா?”

“என் பேரன்.”

“அடடா. என்ன வயசுங்க?”

சகாயநாதன் செருப்பைத் தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார்.