கூரையில் அடித்த சுண்ணாம்பு

உள்ளறையில் தொப்பென்று சத்தம் கேட்டது. தமீம் ஓடினார். எட்டு மாதக் கர்ப்பிணியான மகள் ஷாஸியா தரையில் சரிந்து கிடந்தாள்.

தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள். "ஒண்ணுமில்ல அத்தா, வெயிலு."

தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று பிடிவாதமாக அழைத்து வந்திருந்தார். தாயில்லாத பெண்ணுக்கு அந்தக் குறையையும் வைக்கலாமா? ஆனால் எண்ணூரில் அவருடைய சிமெண்ட் ஷீட் வீடு கொதித்தது. வெள்ளையடித்தால் சூடு குறையும் என்றார்கள். கூரை முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார். ஒரே வாரத்தில் கரித்தூள் படிந்து கறுத்துவிட்டது. அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டு போகும், தான் ஓட்டும் லாரியை, வழக்கம்போல வீட்டுச் சுவரோரமே நிறுத்தியவர் அவர்தான்.

மருமகளைப் பார்க்க வந்திருந்த சம்மந்தியம்மா வெடித்தார். "இன்னா பாய், வூடா இது, பேக்கரி அடுப்பா? எங்க வூட்ல ஏசி கீது. புள்ளய அனுப்புங்க."

"அந்த ஏசிக்குக் கரண்டு எங்கேர்ந்து வருது சம்மந்தி? நான் ஏத்திகினு போற கரிலதான்."

"அந்தக் கரிய எரிக்கிறதாலதான் வெயிலே ஏறுதாம். டிவில சொல்றான்."

தமீம் மகள் பக்கம் திரும்பினார். லாரி ஓட்டுவதை நிறுத்தினால் மகளுக்குக் குளிர்காற்று ஏது? ஓட்டினால், பிறக்கப்போகும் பிள்ளைக்கு எப்படிப்பட்ட வெயில் காத்திருக்கிறதோ? இத்தனை வருடம் பிழைப்பு நடத்தினாரா, பாவம் செய்தாரா? ஷாஸியாவின் வறண்ட உதடுகள் மட்டும்தான் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தன.

"கூட்டிகினு போங்க."

"அத்தா, நீயும் வா."

"மருமவன் வூட்ல வந்து குந்திக்கச் சொல்றியா? கெளம்பு கண்ணு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

இருவரையும் ஏற்றிக்கொண்ட ஆட்டோ மணலி புதுநகர்ப் பக்கம் திரும்பும்வரை வாசலிலேயே நின்றார். பிறகு கதவைச் சாத்தினார்.