பால் டப்பாவின் இரண்டாவது பொட்டு

வெள்ளைக்காரன் ஆண்ட முப்பதுகளில் நாங்கள் ஆம்பூரில் குடியிருந்தோம். என் கணவருக்குத் தோல் மண்டியில் தோல் தரம் பிரிக்கும் வேலை. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள் முற்பகலில் நடந்த சம்பவம் இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தேகப் புத்தி ஜாஸ்தி. பால்காரர் மாட்டை வாசலுக்கே ஓட்டி வந்துதான் கறப்பார். ஆனாலும் செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வேன். சட்டைக் கைக்குள் தண்ணீர்ப் பையை ஒளித்துவைத்துப் பீய்ச்சுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்ததால், கையைச் சுருட்டச் சொல்வேன். பாவம், அந்த மனுஷன் சட்டையே போடாமல் வரத் தொடங்கினார். அப்போதும் விட்டேனா? தோளில் கிடந்த துண்டை உதறச் சொன்னேன்.

அப்போது என் மகளுக்கு மூன்று மாதம். எனக்கு விஷக் காய்ச்சல் வந்து பால் வற்றிப்போயிருந்தது. மாட்டுப் பால் கொடுத்தால் குழந்தைக்கு வயிற்றால் போனது. தண்ணீர் கலந்த பால்தான் காரணம் என்று பால்காரரைத் தெருவே பார்க்கத் திட்டி அனுப்பிவிட்டேன். ஆஸ்பத்திரி நர்ஸம்மா, டப்பாப் பால் கொடுத்துப் பார் என்றார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. சீமையிலே ஊற்றி, ஈயம் வைத்து அடைத்த பால். நடுவில் எவனும் கை வைக்க முடியாதே!

ஆனால் அந்த டப்பாவைத் திறப்பது சாமானியமான காரியமில்லை. எங்கள் பக்கம் யார் வீட்டிலும் அதற்கான கருவி கிடையாது. கடைத்தெருவில் தகர வேலை செய்யும் பாய் ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டுபோனால் உளியை வைத்துத் தட்டி, மூடியை வட்டமாக வெட்டிக் கொடுப்பார். கூலி வாங்க மாட்டார். பால் தீர்ந்ததும் காலி டப்பாவை அவருக்கே கொடுத்துவிட வேண்டும், அதில் மண்ணெண்ணெய் விளக்கு செய்து விற்பார். முதல் டப்பாவைத் திறக்கப் போனபோது செம்பில் வெந்நீர் கொண்டுபோய், உளியை அதில் கழுவச் சொன்னேன்.

"இன்னாம்மா, வுட்டா என்னையே குளிப்பாட்டிடுவ போலக்குதே!" என்று சிரித்தார்.

இரண்டு டப்பா அப்படியே போயிற்று. குழந்தையும் தேறியது. மூன்றாவது டப்பாவை என் கணவர் வேறொரு கடையில், விலை கம்மியாகக் கிடைக்கிறதென்று வாங்கி வந்தார். ஊரையே சந்தேகப்படும் நான் அதைச் சந்தேகப்படவில்லை பாருங்கள்!

அன்றைக்கு நான் போனபோது பாயின் கடையில் ஒரு வியாபாரி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். பாய் டப்பாவை வாங்கி மூடியைக் கட்டைவிரலால் தடவினார். சிரித்துக்கொண்டிருந்த முகம் சட்டென்று மாறியது.

"இத இங்கயே வெச்சிட்டுப் போம்மா. வேற டப்பா வாங்கிக்க."

"ஏன் பாய்?"

"வோணாம்னா வோணாம்மா. சொன்னா கேளு."

காரணம் சொல்லாமல் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. ஓஹோ, இத்தனை நாள் காலி டப்பா, இப்போது பாலோடு வேண்டுமா? இவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்களே! டப்பாவை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்த பிறகல்லவா தெரிந்தது! அரிவாள்மணையில் வைத்து அழுத்தினேன், வழுக்கிக்கொண்டு போனது. கத்தி முனையால் குத்தினேன், முனைதான் வளைந்தது. தூளியில் குழந்தை பசியில் வீறிடுகிறது. எனக்கோ அழுகையும் ஆத்திரமும். கடைசியில் சுவரில் இருந்த ஆணியைப் பிடுங்கி மூடியில் வைத்து, அம்மிக் குழவியால் ஓங்கி ஒரு போடு போட்டேன். புஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டு பால் என் முகத்தில் பீய்ச்சி அடித்தது.

லேசாகக் கள் வாடை வந்தது. நக்கிப் பார்த்தால் நல்ல தித்திப்பு. இது வேறு கம்பெனிப் பாலாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். எந்தப் பாலையும் நான் ஒரு கரண்டி குடித்துப் பார்க்காமல் குழந்தைக்குக் கொடுப்பதில்லை. அன்றும் வெந்நீரில் கரைத்து ஒரு கரண்டி குடித்தேன். மீதியைச் சங்கில் ஊற்றி ஆற வைத்துவிட்டுக் குழந்தையை மடியில் போட்டேன்.

கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். திறந்தால் பாய்! சொட்டச் சொட்ட நனைந்து, மூச்சு வாங்க நின்றார்.

"குடுத்துட்டியாம்மா?"

டப்பாவைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டாரே என்று கதவைப் பாதி சாத்தியபடி, "எதுக்குக் கேக்குறீங்க?" என்றேன்.

"கொழந்திக்குக் குடுத்துட்டியான்னு கேக்குறேன். சொல்லும்மா!" என்று கத்தினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"இன்னும் இல்ல" என்றேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மடியிலிருந்து ஒரு பழைய மூடியை எடுத்துக் காட்டினார். நடுவில் ஈயப் பொட்டு ஒன்று இருந்தது. "இது கம்பெனில வெக்கிறது. உன் டப்பாவப் பாரு."

என் டப்பாவில் நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, ஆக இரண்டு பொட்டு.

"பால் கெட்டுப் போனா டப்பா உப்பிக்கும்மா. ஒரு ஓட்ட போட்டு, காத்த வுட்டுட்டு, திரும்ப ஈயத்தால பத்த வெச்சிட்டா புதுசாட்டம் ஆய்டும்."

"எந்தப் படுபாவி பாய் அப்படிச் செஞ்சது?"

அவர் தலை குனிந்தது. "நாந்தாம்மா. என் கைவேல எனக்குத் தெரியாதா? ஒரு வியாபாரி கூடையோட கொண்ணாந்தாரு. காத்துதான் பூந்துக்கிச்சு, பால் நல்லாத்தான் இருக்குதுன்னாரு. கூலி வந்தா போதும்னு நானும் கேக்காம பத்த வெச்சிட்டேன். அந்த ஆளுதான் கடைல குந்திக்கினு இருந்தாரு, அவர் எதிர்ல சொல்ல தைரியம் வரல. அவர் எழுந்து போனதும் ஓடியாந்தேன். உன் வூடு தெரியாம நாலு தெரு சுத்திட்டேன்."

அந்த நிமிஷம் அவரைக் கன்னத்தில் அறையவும் தோன்றியது, காலில் விழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதேன். மத்தியானம் எனக்கு ஆரம்பித்த வாந்தி மறுநாள்தான் நின்றது. ஒரு கரண்டிக்கே எனக்கு இந்தக் கதி. பச்சைக் குழந்தை முழுச் சங்கும் குடித்திருந்தால்?

அன்று குழந்தையின் பசியை ஆற்றியது பாய் வீட்டு ஆட்டுப் பால். அவர் மனைவி கறந்து, காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கே கறந்தது, எதில் கறந்தது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாலையில் பாய் கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் நடந்ததைத் தானே சொல்லிவிட்டார். வியாபாரியின் டப்பாக்கள் எல்லாம் குழியில் புதைக்கப்பட்டன. கொஞ்ச காலம் பாயிடமும் யாரும் வேலை கொடுக்கவில்லை. நான் மட்டும் வீட்டில் ஒழுகுகிற பாத்திரம், ஒழுகாத பாத்திரம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன்.

என் சந்தேகப் புத்தி அதோடு ஒழிந்ததா என்றால், இல்லை. இன்றைக்கும் டப்பா வாங்கினால் கட்டைவிரல் தானாக மூடியைத் தடவுகிறது. ஆனால் நான் எத்தனை சந்தேகப்பட்டும் என் கண்ணில் படாத அந்தப் பொட்டை, அதை வைத்தவரே மழையில் ஓடிவந்து காட்டினார் என்பதை, பேரன் பேத்தி எடுத்துவிட்ட என் மகளைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.