கைப்பிடியை இழுத்தது நான்

ஐந்தருவி போகிற பாதையில் மூன்று மாடியாக நிற்கிற விடுதி நான் கட்டியது. இடம் வாங்கும்போது அங்கே பாறையும் முள்ளும்தான். பாறை உடைக்க வந்தவர்கள் பாதியில் ஓடிப்போனார்கள், நான் ஓடவில்லை. தென்காசியில் கல்யாண மண்டபம் கட்டினேன்; பாதிச் சுவரை மழை இடித்தது, திரும்பக் கட்டினேன். வீரகேரளம்புதூரில் கிணறு வெட்டித் தண்ணீர் வராமல், ஊரே சிரிக்க, பக்கத்திலேயே இன்னொன்று வெட்டினேன். அதில் வந்தது. இத்தனைக்கும் நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். இப்போது மூட்டு தேய்ந்துவிட்டது. நான் கட்டிய மூன்றாம் மாடியை நானே பார்த்து நாளாகிறது.

இந்தக் கட்டடம் எதிலும் துணி காயப்போட இரும்புக் கம்பி கிடையாது. எல்லாம் நைலான் கயிறுதான். எர்த் குழியை நானே நின்று தோண்ட வைத்தேன். மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்சை, அது என்னவென்றே இங்கே பலருக்குத் தெரியாத காலத்தில் மாட்டினேன். "அப்பாவுக்குக் கம்பியைக் கண்டா காய்ச்சல் வந்துரும்" என்று என் மகன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காரணத்தில் பாதியை எத்தனையோ தடவை சொல்லி அலுத்துவிட்டேன். இது கடைசித் தடவை, முழுதாக, எழுத்தில்.

எழுபதுகளின் கடைசி. குற்றாலத்தில் எங்கள் வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதி பெரியப்பாவுக்கு, மறுபாதி எங்களுக்கு. சீசனுக்கு வருகிறவர்களுக்குத் தெருவைப் பார்த்த அறையை யார் விடுவது என்பதில் வந்த சண்டை. அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டார்கள். நாங்கள் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் பிரித்தவர்களால் கரண்டை மட்டும் பிரிக்க முடியவில்லை. மெயின் சுவிட்ச் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் இருந்தது.

தெரு அறை பெரியப்பாவுக்குப் போனதால், அப்பா எங்கள் பின்கட்டில் ஓலைச் சாய்ப்பு ஒன்று இறக்கி அதை வாடகைக்கு விட்டார். சாய்ப்புக்கு விளக்கு வேண்டும். பின்கட்டில் ஏற்கெனவே துணிக்கொடி இருந்தது, இரும்புக் கம்பி. அப்பா அதன் மேலேயே கரண்டு வயரைச் சுற்றிச் சாய்ப்பு வரைக்கும் கொண்டுபோனார். நீளம் போதாத இடத்தில் முறுக்கி ஒட்டுப்போட்டு, பழைய வேட்டிக் கிழிசலால் கட்டினார். பல்பு எரிந்தது. அப்பா இடுப்பில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆடிச் சாரல் தொடங்கியது. சாரலில் எங்கள் ஊரில் எதுவும் காயாது. அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களின் ஈரத் துணியெல்லாம் அந்தக் கொடியில்தான் தொங்கும்.

"கொடியத் தொட்டா விரல்ல சுருக்குனு குத்துது, என்னன்னு பாருங்க" என்றாள் அம்மா.

"ஆடிக் குளிரு. பின்ன சுடவா செய்யும்?" என்றார் அப்பா.

அம்மா சமாதானமாகிவிட்டாள். குளிர் என்றால் எங்களுக்கு அந்த மாதத்தில் எல்லாமும் அதற்குள் அடங்கும்.

ஒரு நாள் காலையில் அப்பா விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு அருவிக்குப் போயிருந்தார். அம்மா வெறுங்காலோடு நனைந்த தரையில் நின்று ஒரு கனத்த ஜமக்காளத்தைக் கொடியில் வீசி, கம்பியைப் பிடித்து இழுத்துவிட்டாள். பிடித்த கை விடவில்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்து நான் நனைந்த சேலை முந்தானையைப் பிடித்தேன். தூக்கி அடித்தது.

விழுந்த இடத்தில் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. தெருக்கம்பத்தில் ஏறுகிற வயர்மேன் எப்போதும் முதலில் கீழே ஒரு கைப்பிடியை இழுத்துவிட்டுத்தான் கம்பியைத் தொடுவார். அதை நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தரவில்லை. ஓடினேன். கால் வைக்கக் கூடாத வாசலுக்குள் ஓடி, கூடத்தில் கிடந்த மர ஸ்டூலில் ஏறி, மெயின் சுவிட்ச் கைப்பிடியில் தொங்கி இழுத்தேன். பெரியப்பாவின் ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது.

"ஏலே! அந்தப் பக்கத்துப் பயலுக்கு இங்கன என்னலே சோலி?" என்று பெரியப்பா சவரச் சோப்பு முகத்தோடு வந்தார்.

"அம்மா கம்பில ஒட்டிக்கிட்டா" என்றேன்.

சோப்பைத் துடைக்கக்கூட நிற்கவில்லை மனுஷன். நான் போவதற்குள் அம்மாவைத் தூக்கிவந்து உலர்ந்த இடத்தில் கிடத்தி, உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தெருவே கூடியது. கூடினவர்கள் பார்த்தது தூக்கினவரை.

அப்பா வரும்போது அம்மா கண் திறந்து சுவரில் சாய்ந்திருந்தாள். உள்ளங்கை வெந்திருந்தது. "அத்தான் மட்டும் வரலேன்னா இன்னைக்கு நான் இல்ல" என்றாள், பெரியப்பாவைக் காட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி.

"நான்தான் மெயினை..." என்று ஆரம்பித்தேன்.

"சும்மா கெட" என்று நல்ல கையால் என் தொடையைத் திருகினாள். நீலம் பாரித்துவிட்டது. நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும், ஸ்டூல் மேல் என்னைப் பார்த்தவர். அவர் அம்மாவைப் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார்.

அப்பா கொடியில் தான் சுற்றிய வயரைப் பார்த்தார். பிறகு, "அண்ணே" என்றார்.

"கிறுக்குப் பயலே, துணி காயப்போடுத கம்பில எவனாவது வயரைச் சுத்துவானா? போ, கொறடு எடுத்துட்டு வா" என்றார் பெரியப்பா.

அன்று இருவருமாகக் கொடியை அறுத்து, தேங்காய்நார்க் கயிறு கட்டினார்கள். சாய்ப்புக்கு ஒட்டில்லாத வேறு வயர் இழுத்தார்கள். அடுத்த சீசனுக்குள் நடுச்சுவரில் கதவு வைத்தார்கள். நான் ஒரு மூலையில் தொடையைத் தடவிக்கொண்டு, பெற்ற தாயே என் பங்கைத் திருடிவிட்டாள் என்று அழுதேன். அம்மா அதைக் கொடுத்துத்தான் அப்பாவுக்கு அண்ணனைத் திரும்ப வாங்கினாள் என்பது அந்தத் தலைக்கு எட்டவில்லை. எட்ட எனக்கு இரண்டு கட்டடமும் ஒரு கிணறும் ஆயிற்று.

சரி, புரிந்துவிட்டது. புரிந்தபின்னும் நான் வாயை மூடிக்கொண்டே இருக்கவேண்டுமா? அம்மா இல்லை, அப்பா இல்லை, பெரியப்பாவும் போய்விட்டார். இனி உண்மையைச் சொன்னால் எந்தச் சுவரும் எழும்பாது. போன மாதம்கூட ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா பேரன் அந்தக் கதையைச் சொன்னான், என் மண்டபத்திலேயே நின்று. எல்லாரும் கண் கலங்கினார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு உடம்பும் தளர்ந்துவிட்டது, கத்த முடியாது.

ஆகவே இந்தக் குடும்பத்தில் இனி யார் அதைச் சொன்னாலும் சரியான வரிசையில் சொல்லவேண்டும். முதலில் நான் இழுத்தேன். அதற்குப் பிறகுதான் பெரியப்பா தொட்டார்.