நீல வயரும் டோர்ச் பல்பும்

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், நான் பிறந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலாகவே அந்த நீல வயரை இழுத்தேன். அப்போது பதுளையில் ஒரு கம்பியூட்டர் கடையில் எனக்கு வேலை. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஆட்கள் ஏமாற்றுகிறார்களா என்று ஆபிசில் இருந்தபடியே பார்க்க, தோட்டத்து மேனேஜர் துரைக்கு கேமரா வேண்டுமாம். லயத்தைப் போலவே அந்தக் கொட்டகைக்கும் மின்சாரம் கிடையாது. "பரவாயில்லைங்க, படம் வர்ற வயர்லயே கேமராவுக்குக் கரண்டும் போகும்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. லயத்தில் யாரோ "கோடாலிக் காம்பு" என்று என் காதுபடவே சொன்னார்கள்.

இரண்டே வாரத்தில் படம் நின்றுபோனது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். என் அண்ணன் வீட்டுக் கூரைக்கு நேர் மேலே வயரை வெட்டி, உள்ளிருந்த மெல்லிய கம்பிகளில் இரண்டை ஒரு டோர்ச் பல்போடு முறுக்கியிருந்தது. மூன்று சுற்று, ஒரு மடிப்பு. ரேடியோ பெட்டரிக்கு அண்ணன் வயர் கட்டுவது அப்படித்தான். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மாட்டினால் அவருக்குத் தோட்ட வேலை போகும், வேலை போனால் லயத்து வீடும் போகும். இதுகூடவா தெரியாது அந்த மனுசனுக்கு?

"யார் வெட்டினது?" கீழே நின்று துரை கேட்டார். "நீயும் இந்த லயத்து ஆள்தானே, உனக்குத் தெரியாமலா இருக்கும்?"

பல்பைக் கைக்குள் மறைத்துக்கொண்டேன். "எலிங்க."

அவர் நம்பவில்லை. "அப்போ இரும்புக் குழாய்க்குள்ள போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏணி பிடிக்க ஓர் ஆளை அனுப்பினார். வேண்டுமென்றே செய்தாரோ என்னவோ, வந்தது அண்ணன்.

பல்பை அவர் சட்டைப்பையில் திணித்தேன். "இந்த வயரு யாருக்கும் சும்மா கரண்டு குடுக்காதுண்ணே. எதுத்தாப்ல இருக்கிறது யாருன்னு மொதல்ல கேக்கும். தெரிஞ்ச மெசினா இருந்தாத்தான் குடுக்கும்."

"அப்ப இதுவும் அடையாள அட்டை கேக்குதா?"

அவர் சிரிக்கவில்லை. அந்த அட்டைக்காக அவர் எத்தனை வருசம் நடையாய் நடந்தார் என்பது எனக்குத் தெரியும். ஏணியில் ஏறிக் குழாயைப் பொருத்தினேன். பொருத்தப் பொருத்தக் கோபம்தான் ஏறியது. கடைசி ஆணியை அடித்து இறங்கியதும் கத்தினேன்.

"ஒன்னால நான் பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு. ஒன்னைய காப்பாத்தத்தான் சொன்னேன், தெரியுதா?"

அண்ணன் ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"காப்பாத்துன, சரி. இந்தக் கொழாய யாரு கைக்கு எட்டக் கூடாதுன்னு போட்ட?"