மரம் என் பங்கு, பித்தளை அக்கா பங்கு

எங்கள் வீட்டுத் தொட்டிலில் மரம் என் பங்குக்கு வந்தது, பித்தளை நான் அக்கா என்று கூப்பிடுகிற என் மூத்த ஓரகத்தி பங்குக்குப் போனது. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அப்படித்தான் நடந்தது.

மாமனார் காலமான பிறகு வீட்டை இரண்டாகப் பிரித்துக் கூடத்துக்கு நடுவில் சுவர் வைத்தார்கள். பித்தளைச் சாமான்களை ஒரே இடத்தில் குவித்து, தராசில் நிறுத்துப் பாதிப் பாதியாகப் போட்டார்கள். அண்டா, தவலை, குடம் எல்லாம் போட்டும் அக்கா பக்கத்துத் தட்டு கொஞ்சம் மேலேயே நின்றது. பங்கு பிரிக்க வந்த பெரியவர் சுற்றிலும் பார்த்தார். மூலையில் தொட்டில் நின்றது. "அதுல இருக்கறதும் பித்தளைதானே? விட்டுட்டா நாளைக்கு ஒரு பேச்சு வரும், கழட்டுங்க" என்றார். குறுக்குச் சட்டத்தில் இருந்த கொக்கிகள், சங்கிலி, நாலு மூலைக் குமிழ் எல்லாம் கழன்று தட்டில் விழுந்தன. தட்டு சரியாயிற்று. மரச்சாமானில் தொட்டில் என் பக்கம் வந்தது. தொங்க விட வழியில்லாத தொட்டில்.

அப்போது என் வயிற்றில் பிள்ளை. நான் வாயைத் திறக்கவில்லை. நாலு பேர் நடுவில் பேசி எனக்குப் பழக்கமில்லை. அக்காவின் மூன்று பையன்களும் அந்தத் தொட்டிலில்தான் கிடந்தார்கள். மூன்று தடவையும் அது சங்கிலியோடு ஆடியதை அடுப்படி வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். என் பெண் பிறந்தபோது என் பழைய நூல் புடவையை உத்தரத்தில் கட்டித் தூளி போட்டேன். அவள் அதில் நன்றாகத்தான் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அக்கா அந்தச் சங்கிலியில் சாமி விளக்கை மாட்டித் தொங்கவிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை குங்குமம் வாங்கிக்கொள்ளப் போனால் என் கண் சாமி மேல் நிற்காது, விளக்குக்கு மேலே போகும்.

என் பெண்ணுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. அக்காவுக்கு வரிசையாகப் பேரன் பேத்திகள். சென்னையில் ஒன்று, பெங்களூரில் ஒன்று என்று போனில் படம் வரும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். "பாருடி, அப்படியே எங்க வீட்டு மூக்கு" என்பார். பார்ப்பேன். நல்லா இருக்குக்கா என்பேன். வீட்டுக்கு வந்து அரிசியில் கல் பொறுக்குவேன், கல்லே இருக்காது.

போன ஐப்பசியில் என் பெண்ணுக்குக் கும்பகோணத்து ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும் முன் தொட்டிலைத் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றுதான் பரணிலிருந்து இறக்கினேன். முப்பதாம் நாள் தொட்டில் போட வேண்டும். தேக்கு, ஒரு பூச்சி அரிப்பு இல்லை. உப்புத்தாள் போட்டு நானே தேய்த்தேன், எண்ணெய் பூசினேன். குமிழ் இருந்த நாலு ஓட்டையில் அலமாரிக்குப் போடுகிற வெள்ளைப் பீங்கான் குமிழ் வாங்கிச் செருகினேன். அது அழகுக்குத்தானே, போதும். கொக்கியும் சங்கிலியும்தான் இல்லை.

"பெரியம்மாகிட்ட கேட்டா என்னம்மா? சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்காங்க" என்றாள் என் பெண்.

"அது சாமி விளக்கு மாட்டுனது. கேக்கக் கூடாது."

"சாமிக்காகவா கேக்க மாட்டேங்கற?"

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

டவுன் பஸ் பிடித்துக் கும்பகோணம் பாத்திரக்கடைத் தெருவுக்குப் போனேன். கடையில் கூட்டம். எல்லோரும் வாங்கிப் போகிறவரை ஓரமாக நின்றேன். கடைக்காரரே கடைசியில், "என்னம்மா வேணும், ரொம்ப நேரமா நிக்கறீங்க?" என்று கேட்டார். தொட்டில் கொக்கி என்று சொல்லி, ஓட்டையின் அளவை விரலை வளைத்துக் காட்டினேன்.

"விரலைக் காட்டுனா எப்படிம்மா? பழசு ஒண்ணு கொண்டாங்க. அதைப் பாத்து அதே கனத்துல வார்த்துத் தரச் சொல்றேன்."

"பழசு இல்லீங்க."

"எங்க போச்சு?"

"பங்குல போச்சு."

அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் குத்துவிளக்கு பார்த்துக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்தார். கடைக்காரர் கிளிப்பொம்மை வைத்த சங்கிலியும், கண்ணாடி மாதிரி மின்னுகிற இரண்டு கொக்கியும் எடுத்துக் காட்டினார். கொக்கியின் தண்டு மெலிசு. ஆனால் அக்கா வீட்டுச் சங்கிலியில் கிளி கிடையாது. அந்த ஒன்றுக்காகவே வாங்கிக்கொண்டு வந்தேன்.

தச்சர் வந்து பார்த்து, "ஓட்டை பெருசும்மா, கொக்கி சின்னது" என்று முனகினார். பழைய ஓட்டையில் மரத்தை அடித்து அடைத்து, நடுவில் சின்னதாகத் துளை போட்டுக் கொக்கியை முறுக்கிவிட்டுப் போனார். கூடத்தில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நிறுத்தினேன். சங்கிலி பளபளவென்று இருந்தது. வாசல் கதவை அகலமாகத் திறந்து வைத்தேன். அக்கா கோயிலுக்குப் போகிற வழியில் கண்ணில் படட்டும் என்றுதான்.

தொட்டில் போடுவதற்கு முதல் நாள். பிள்ளைக்கு முன்னால் அம்மிக் குழவியைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துத் தொட்டிலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மறுநாள் செய்ய வேண்டியதை அன்றைக்கே ஒரு தடவை செய்து பார்க்கலாமென்று குழவியை உள்ளே கிடத்தி மெல்ல ஆட்டினேன். என் பெண் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் வீசி ஆட்டினேன். ஒரு கொக்கியின் வாய் அப்படியே விரிந்தது. தொட்டில் ஒரு பக்கமாகக் கவிழ்ந்து குழவி தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் சிமெண்டு பெயர்ந்துவிட்டது.

என் பெண் பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். "இதுல என் பிள்ளையைப் போட மாட்டேம்மா. சேலையிலயே தூளி கட்டு" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னடி சத்தம் அங்க?" என்று குரல் வந்தது.

நான் செருப்புக்கூடப் போடாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கிளி பறந்துடுச்சா?" என்றார். எல்லாம் பார்த்துத்தான் இருக்கிறார்.

"கொக்கியும் சங்கிலியும் வேணும்க்கா."

"குமிழ் நாலும் என்னைக்கோ பழைய பித்தளைக்குப் போட்டாச்சு."

"குமிழ் வேணாம்."

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மென்றார். "இத்தனை வருஷமா என் விளக்கையே பாத்துட்டுப் போவ. கேக்க மாட்ட. நானும் கேக்கட்டும் கேக்கட்டும்னுதான் இருந்தேன்" என்றார். பிறகு எழுந்துபோய், நாற்காலி மேல் ஏறாமலே எட்டிச் சங்கிலியைக் கழற்றினார். என்னைவிட உயரம், அதுவும் ஒன்று. விளக்கைத் தரையில் வைத்தார். கொக்கிகள் உள்ளறைப் பெட்டியில் துணி சுற்றி இருந்தன. அவற்றையும் எடுத்து வந்தவர், கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேப்பேன். பிள்ளையை நான்தான் தூக்கித் தொட்டில்ல போடுவேன்."

"உங்களுக்குத்தான் அஞ்சு பேரன் பேத்தி இருக்காங்களேக்கா."

"அஞ்சும் அதுங்க அம்மா வீட்டுல பொறந்துதுங்க. தொட்டில் அன்னைக்கு விருந்தாளி மாதிரி போனேன். வளையலைப் போட்டேன், சாப்பிட்டேன், பஸ் ஏறி வந்தேன். இந்த வீட்டுல தொட்டில் ஆடி எத்தனை காலமாச்சு? ராத்திரி உன் பேத்தி அழுதா நான் எழுந்து உக்காந்துக்கறேன், தெரியுமா உனக்கு?"

மூன்று பையன்களைப் பெற்றவரைப் பார்த்து வயிறு எரிந்தவள் நான். பெண்ணைப் பெற்றவள் வீட்டில்தான் தொட்டில் ஆடும் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் தூக்கிப் போடுவது நான் என்று எத்தனையோ வருஷமாக மனதில் வைத்திருந்தேன். அதையும் இவரே எடுத்துக்கொள்ள வேண்டுமா?

சிமெண்டு பெயர்ந்த இடம் ஞாபகம் வந்தது.

"சரிக்கா" என்றேன்.

தச்சர் வந்து அடைத்த மரத்தை வெட்டியெடுத்துப் பழைய கொக்கியை இறக்கினார். சட்டத்துக்கு மேலே மரையைப் போட்டு முறுக்கியதும் அது ஒரு இழைகூட அசையவில்லை. குழவியைப் போட்டு என் பெண்ணே வீசி வீசி ஆட்டிப் பார்த்தாள். பிறகுதான் சம்மதித்தாள்.

மறுநாள் அக்கா பட்டுப்புடவையில் வந்தார். பிள்ளையை வாங்கி மூன்று தடவை தொட்டிலைச் சுற்றிக் காட்டி, உள்ளே கிடத்தினார். அழும் என்று எதிர்பார்த்தேன். அழட்டும் என்றுகூட நினைத்தேன். அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் பாடினார்கள். நான் தொட்டிலின் தலைமாட்டில் நின்று, கொக்கி இறங்குகிற இடத்தில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கையை எடுடி, தாங்கும்" என்றார் அக்கா.

தாங்கும் என்று எனக்கும் தெரியும். பாட்டு முடிகிறவரை நான் கையை எடுக்கவில்லை.