ஏழாம் அதிகாரத்தில் என் அழுகை

எங்கள் சபைக்கு வந்த அந்தக் குருவானவரை எனக்குப் பிடிக்காது. அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார், இப்போதும் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை எழுதுவது எளிது.

சங்கரன்கோவிலில் ஆங்கிலிக்கன் மரபில் வந்த சபை எங்களுடையது. அவர் இங்கே வருவதற்கு முன் இருபது வருஷம் இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். இங்கிலாந்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் சபையைக் கவனித்துவந்த உபதேசியாரின் மகன். கல்லூரி முதல்வரோடு மோதியதால், கடைசி மூன்று வருஷத்தை ஒரு சபையில் கழிக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். இதை அவர் மனைவியே என்னிடம் சொன்னார்.

அந்தக் கோபத்தை அவர் எங்கள் மேல்தான் காட்டினார். பிரசங்கம் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஒவ்வொரு சொல்லுக்கும் கிரேக்கத்தில் என்ன, எபிரெயத்தில் என்ன என்று விளக்கம் வரும். ஆறு நாள் தறியில் நின்றுவிட்டு வருகிறவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்.

"ஐயா, நாங்க கோயிலுக்கு ஜெபம் பண்ண வாரோமா, கிரேக்கம் படிக்க வாரோமா?"

"ரெண்டுக்கும்தான் வரணும்" என்றார் அவர். அன்றைக்கு இரண்டாகப் பிரிந்த கமிட்டி பிறகு சேரவே இல்லை.

அப்போது எனக்கும் அவருக்கும் பகை ஒன்றுமில்லை. நான் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. என் கணவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். அவருக்கு வயிற்றில் புற்றுநோய். நான்கு மாதத்துக்கு முன்பே தெரிந்தும் என்னிடம் சொல்லாமல், ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கடை மேஜைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் டாக்டர் வாயால் கேட்டேன். அதற்குப் பிறகு பதினாறு நாள்தான்.

அந்தப் பதினாறு நாளும் ஐயா ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி வந்தார். மற்றவர்கள் எல்லாம் 'தேவசித்தம்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அதை இல்லை என்று சொல்ல முடியாது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவர்தான் தலைமாட்டில் ஜெபப் புத்தகத்தோடு நின்றார். நான் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டீங்களே, நான் என்ன குறை வச்சேன்" என்று அழுதேன். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன். அந்த ரிப்போர்ட்டை ஏன் மறைத்தீர்கள் என்று அதற்கு அர்த்தம். எனக்கும் என் கணவருக்கும் நடுவில் இருந்த கடைசிச் சண்டை அது.

ஒரு வருஷம் கழித்து ஐயா பள்ளிக்கூடத்துக்கே வந்தார். தன் ஆராய்ச்சியைத் தமிழில் புத்தகமாக எழுதியிருப்பதாகவும் ஒற்றுப்பிழை பார்த்துத் தர வேண்டும் என்றும் கேட்டார். துக்கத்தில் மனிதன் கடவுளோடு வழக்காடலாம், அதுவும் ஜெபம்தான் என்பது புத்தகத்தின் பொருள். சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன். ஆறு அதிகாரம் திருத்தினேன். ஏழாவதில் நான் இருந்தேன்.

பெயர் இல்லை. 'தென்தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில், கணவனை இழந்த ஓர் ஆசிரியை' என்று தொடங்கியது. கணவனின் சடலத்தருகே அவள் கடவுளை நோக்கிக் கதறினாளாம்: 'ஒரு வார்த்தை சொல்லாமல் போனீரே, நான் என்ன குறை வைத்தேன்?' அதன் மேல் பதினோரு பக்கம் வியாக்கியானம். கடவுளின் மௌனத்தைக் கேள்வி கேட்ட துணிச்சல்காரி நான்.

நான் சொன்னது 'போயிட்டீங்களே'. கணவரிடம் நாங்கள் 'நீங்க' என்று பேசுவோம், கடவுளிடம்தான் 'நீர்'. அந்த ஒரு விகுதியை மாற்றி, என் வீட்டுச் சண்டையைப் பரலோகத்துக்கு அனுப்பியிருந்தார்.

அன்று சாயங்காலமே அவர் குடியிருந்த குருமனைக்குப் போனேன். ஐயா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தாள்களை மேஜை மேல் வைத்தேன்.

"ஐயா, நான் கடவுள்கிட்டப் பேசல. எங்க வீட்டுக்காரர்கிட்டப் பேசினேன்."

அவர் தாளைப் பார்த்தார். முகம் சற்று மாறியது. "டீச்சர், துக்கத்துல யார்கிட்டப் பேசுதோம்னு நமக்கே தெரியாது" என்றார்.

"எனக்குத் தெரியும். நோயை மறைச்சது அவரு. கடவுள் எங்க ரிப்போர்ட்டை மறைச்சாரு?"

"உங்க பேரை நான் போடலியே."

"இந்த ஊர்ல புருஷனைப் பறிகொடுத்த டீச்சர் எத்தனை பேரு இருக்காங்க? எடுத்திருங்க."

"அந்த அதிகாரமே அதுலதான் நிக்குது."

"அப்ப விழட்டும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து நின்றார். ஐயாவுக்குக் குரல் ஏறியது. "இருபது வருஷமா இதை யோசிச்சுக்கிட்டிருக்கேன். நீங்க ஒரு விகுதியை வச்சு மிரட்டுதீங்க."

"திருத்தத்தானே தந்தீங்க? திருத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

புத்தகம் வந்தது. ஆராதனை முடிந்த பிறகு கோயிலிலேயே வெளியீடு. நான் போகவில்லை. மறுநாள் சக ஆசிரியை ஒரு பிரதி கொண்டுவந்தார். ஏழாம் அதிகாரத்தைப் புரட்டினேன். 'போயிட்டீங்களே' என்று சரியாகவே அச்சாகியிருந்தது. கீழே புதிதாக ஒரு பத்தி: 'அவள் கணவனிடம்தான் பேசினாள் என்று அவளே பிற்பாடு என்னைத் திருத்தினாள்; கணவன் மறைத்த நோய்க்காக அழுதாள்; மனிதனோடு போடும் வழக்கும் கடவுளிடமே போய்ச் சேர்கிறது.'

இப்போது ரிப்போர்ட்டை மறைத்ததும் புத்தகத்தில் ஏறிவிட்டது. குருமனையில் நான் கோபத்தில் சொன்னதும் அவருக்கு இன்னொரு பத்தியாகிவிட்டது. பிரதியைச் சக ஆசிரியையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் சிவகிரிக்குப் பஸ் ஏறி, அங்கே ஆராதனைக்குப் போனேன். ஏன் என்று கேட்டவர்களிடம் சொல்லவில்லை. புத்தகம் படித்தவர்கள் கேட்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஐயா ஓய்வுபெற்றார். சாமான் ஏற்றிய அன்று காலையில் என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"இன்னும் கோவமா இருக்கீங்களா டீச்சர்?"

"ஆமா ஐயா."

"அதை நான் கேக்காம எழுதியிருக்கக் கூடாது."

"இதையும் எழுதிராதீங்க."

தலையை ஆட்டினார். ஜெபம் செய்யட்டுமா என்று கேட்பார், வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்து நின்றேன். அவர் கேட்கவில்லை. தெருவில் இறங்கி நடந்தார். நான் கதவைச் சாத்தினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்கே போனேன். புதிதாக வந்தவர் இருபது நிமிஷத்தில் பிரசங்கத்தை முடித்தார்.